1366 எங்கே போச்சு? கொல்லிமலையில் ஒரு மானிட்டர் கதை

(ஒலிப்பதிவைக் கொஞ்சம் சுருக்கி, சொன்னதையே திரும்பச் சொன்ன இடங்களை எடுத்துவிட்டு எழுதியது. கட்டளைகளை நான் பேசினபடியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.)

இந்த எபிசோடை வழக்கமா உட்கார்ற ரூம்ல பதிவு பண்ணல. கொல்லிமலையில, செம்மேட்டுல, ஒரு ஜெராக்ஸ் கடையோட பின்பக்கத்துல உட்கார்ந்து பேசிட்டிருக்கேன். பின்னாடி இரைச்சலா ஒரு சத்தம் கேட்டா பயப்படாதீங்க, அது தகரக் கூரை மேல மழை.

நாமக்கல்ல இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியா வந்தா மலையடிவாரம் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. அதை ஏறிச் சோளக்காடு தாண்டி இங்கே வந்து சேர்ந்தேன். வந்தது ஆகாய கங்கை அருவிக்கும் இல்லை, அறப்பளீஸ்வரர் கோவிலுக்கும் இல்லை. ஒரு மானிட்டரைப் பார்க்க. 18.5 அங்குலம், சுத்தமா வேலை செய்ற மானிட்டர். ஆனா அதோட சொந்த ரெசல்யூஷன் மட்டும் லினக்ஸ்ல காட்டவே மாட்டேங்குது.

இது ரொம்பப் பேருக்கு வர்ற பிரச்சினை. டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறப்பீங்க. 1024க்கு 768, 800க்கு 600, அதுக்கும் கீழே ஒண்ணு ரெண்டு இருக்கும். உங்க மானிட்டர் 1366ஓ 1920ஓ, அது பட்டியல்லயே இருக்காது. இதை எப்படிச் சரி பண்றதுன்னு இன்னைக்குச் சொல்றேன். கூடவே, நான் இதை எப்படித் தப்பாப் பண்ணேன், அதுக்கு யார் விலை கொடுத்தாங்கங்கறதையும் சொல்லியாகணும்.

கடை

இந்தக் கடையை நடத்துறது என் காலேஜ் நண்பனோட அக்கா. ஜெராக்ஸ், லேமினேஷன், பேனா பென்சில், அதோட ஆன்லைன் விண்ணப்பம். மலையில பல ஊர்க்காரங்களுக்கு ஒரு சான்றிதழ் வேணும்னா, கவுன்சிலிங்குக்கு அப்ளை பண்ணணும்னா, இந்த மாதிரிக் கடைதான். கீழே இறங்கிப் போனா ஒரு நாள் கூலி போயிடும்.

இந்த வருஷம் கோடையில கடை கம்ப்யூட்டரோட போர்டு எரிஞ்சு போச்சு. என் நண்பன் ஒரு செகண்ட் ஹேண்ட் மினி பிசி வாங்கி, அதுல லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். மானிட்டர் பழசு, அதுல விஜிஏ மட்டும்தான். மினி பிசியில ஹெச்டிஎம்ஐ மட்டும்தான். நடுவுல ஒரு ஹெச்டிஎம்ஐ டு விஜிஏ கன்வெர்ட்டர் போட்டான். படம் வந்துச்சு, கலர் வந்துச்சு. எல்லாம் ஓகேன்னு கிளம்பிட்டான்.

ஒரு வாரத்துல அக்கா எனக்கு போன் பண்ணாங்க. "தம்பி, எழுத்தெல்லாம் கொழகொழன்னு தெரியுதுப்பா. லினக்ஸ் போட்டதுல இருந்துதான் இப்படி."

நான் ஆபீஸ்ல ஒரு மீட்டிங்குக்குள்ள போயிட்டிருந்தேன். "மானிட்டர் பழசுக்கா. லினக்ஸ் மேல தப்பில்லை. முடிஞ்சா வேற ஒண்ணு வாங்கிடுங்க"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். இருபது செகண்ட் பேச்சு. கம்ப்யூட்டர் படிச்ச பையன் சொல்லிட்டான், அதனால அக்கா அதுக்கு மேல கேட்கல. புது மானிட்டர் வாங்கப் பணமும் இல்ல. வெள்ளெழுத்து வந்திருக்கும்னு நினைச்சுக்கிட்டு, போய்க் கண்ணாடி போட்டுக்கிட்டு வந்திருக்காங்க.

ன, ண

இங்கே நடந்ததைக் கேளுங்க. ஜூன் மாசம் ஒரு பையன் வர்றான். பிளஸ் டூ முடிச்சிருக்கான், வீட்டுல யாரும் டிகிரி படிச்சதில்ல. இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் வேணும். அது இருந்தா டியூஷன் ஃபீஸ்ல சலுகை கிடைக்கும். அக்கா விண்ணப்பத்தை நிரப்புறாங்க. தமிழ்ல பேர் போடற இடத்துல, அப்பா பேர்ல 'ன' வர வேண்டிய இடத்துல 'ண' விழுந்துடுச்சு.

ஒலி வழியா டைப் பண்றவங்களுக்கு இது தெரியும். ஷிஃப்ட் அழுத்தினா மூணு சுழி, அழுத்தாட்டி ரெண்டு சுழி. விரல் தப்பறது சகஜம். அதைக் கண்ணுதான் பிடிக்கணும். அக்காவும் சரி பார்த்தாங்க, பையனும் பார்த்தான். ரெண்டு பேருக்கும் தெரியல.

ஏன் தெரியலங்கறதுக்குக் கணக்கே இருக்கு. அந்த மானிட்டர்ல கண்ணாடிக்குப் பின்னாடி படுக்கைவாக்கில 1366 பிக்சல், செங்குத்தா 768 வரிசை. அது வார்த்து வெச்ச எண்ணிக்கை, மாத்த முடியாது. இதைத்தான் நேட்டிவ் ரெசல்யூஷன்னு சொல்றோம். கம்ப்யூட்டர் அனுப்பினது 1024க்கு 768. உயரத்துல 768க்கு 768, கச்சிதம். அகலத்துல மட்டும் 1024ஐ 1366 ஆக்கணும். அதாவது மூணு பிக்சல்ல வந்ததை ஏறக்குறைய நாலு பிக்சல்ல பூசணும். ஒரு கோடு பாதி இந்தக் கட்டத்துலயும் பாதி அந்தக் கட்டத்துலயும் விழும். அதனால கலங்கல் முழுக்க படுக்கைவாக்கில மட்டும்தான்.

இப்போ ன, ண ரெண்டையும் மனசுல எழுதிப் பாருங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் எங்கே? இடப்பக்கம் இருந்து வலப்பக்கம் வரிசையா வர்ற சுழிகள்ல. ரெண்டா, மூணா. கலங்கினது சரியா அந்த இடம்தான். சின்ன எழுத்துல ரெண்டு சுழியும் மூணு சுழியும் ஒரே கறுப்புப் பிசிறு. ஆங்கில எழுத்தா இருந்தா ஓரளவு ஊகிச்சுடலாம். தமிழ்ப் பேர்ல ஊகிக்க முடியாது, ரெண்டுமே சரியான எழுத்துதான்.

திரை மட்டும்தான் காரணம்னு நான் சொல்லல. பெருசாக்கிப் பார்த்திருக்கலாம், பிரிண்ட் எடுத்துப் பார்த்திருக்கலாம். ஆனா கடையில பத்து பேர் நிக்கிறாங்க. சான்றிதழ் வந்த பிறகுதான் தப்பு தெரிஞ்சது. அந்தப் பையனோட அப்பா திரும்ப அலைஞ்சதுல ரெண்டு நாள் கூலி போச்சு.

அக்கா மறுபடியும் போன் பண்ணாங்க. சண்டை போடல. "தம்பி, நீ சொன்ன மாதிரி மானிட்டரை மாத்திடறேன். தவணையில வாங்கலாமா?"ன்னு கேட்டாங்க. அப்போதான் எனக்கு உறைச்சது. நான் அந்த மானிட்டரைப் பார்க்கவே இல்லையே, எதை வெச்சு மாத்தச் சொன்னேன்?

மானிட்டர் தன்னைப் பத்திச் சொல்ற 128 பைட்

சரி, டெக்னிக்கலா உள்ள போவோம். கம்ப்யூட்டருக்கு எதிர்ல இருக்கிற மானிட்டர் என்ன சைஸ்னு எப்படித் தெரியும்? மானிட்டரே சொல்லும். ஒவ்வொரு மானிட்டருக்குள்ளயும் ஒரு குட்டி மெமரி சிப் இருக்கு. அதுல ஈடிஐடின்னு ஒரு தகவல் கட்டு. அடிப்படைக் கட்டு வெறும் 128 பைட். வெசாங்கற அமைப்பு 1994ல கொண்டுவந்த ஏற்பாடு. அதுல யார் செஞ்சாங்க, எந்த வாரம் எந்த வருஷம் செஞ்சாங்க, எத்தனை சென்டிமீட்டர் அகலம், எந்தெந்த ரெசல்யூஷன் தெரியும், அதுல எது பிடிச்சது, எல்லாம் இருக்கும். வருஷத்தைக்கூட 1990ல இருந்து எத்தனாவதுன்னு ஒரே பைட்ல போட்டிருப்பாங்க. அவ்ளோ சிக்கனம். கடைசி பைட் ஒரு சரிபார்ப்பு எண்: 128ஐயும் கூட்டி 256ஆல வகுத்தா மீதி பூஜ்ஜியம் வரணும்.

இந்தக் கட்டு படம் போற அதே கேபிள்ல, ஆனா வேற கம்பி வழியா வரும். விஜிஏல 15 ஊசி. 1, 2, 3 சிவப்பு, பச்சை, நீலம். 13, 14 படத்தை நேரா நிறுத்தற சிங்க் சிக்னல். 12ம் 15ம்தான் இந்தப் பேச்சுவார்த்தைக்கு, ஒண்ணு டேட்டா, ஒண்ணு கிளாக். இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

கம்ப்யூட்டர் கேட்குது, பதில் வரலைன்னா? லினக்ஸ் கெர்னல் ஒரு பத்திரமான முடிவு எடுக்கும். 'யாரோ இருக்காங்க, யார்னு தெரியல. எந்த மானிட்டரும் தாங்கக்கூடிய அளவு கொடுப்போம்.' அந்த அளவுதான் அதிகபட்சம் 1024க்கு 768. அதனால உங்க லினக்ஸ்ல பட்டியல் சரியா 1024ல நின்னா, முதல் சந்தேகம் டிரைவர் மேலயோ டிஸ்ட்ரோ மேலயோ வேண்டாம். ஈடிஐடி வரலைங்கறதுதான் முதல் சந்தேகம்.

போன்ல கட்டளை

ஆனா இவ்வளவையும் நான் அப்போ யோசிக்கல. போன்லயே முடிச்சுடலாம்னு பார்த்தேன். லினக்ஸ்ல இதுக்கு ஊர்ப்பட்ட மருந்து ஒண்ணு உண்டு: எக்ஸ்ரேண்டர். மூணு படி.

முதல் படி, சிவிடிங்கற கட்டளைக்கு ரெசல்யூஷனைக் கொடுத்தா, அது மோட்லைன்னு ஒரு வரி கொடுக்கும். பிக்சல் எந்த வேகத்துல போகணும், ஒரு வரி எங்கே முடியணும், அடுத்தது எங்கே தொடங்கணும்னு எண்களா இருக்கும். ரெண்டாவது, எக்ஸ்ரேண்டர் ஹைஃபன் ஹைஃபன் நியூமோட்னு போட்டு அந்த வரியைக் கொடுக்கணும். மூணாவது, ஆட்மோட் போட்டு அதை நம்ம அவுட்புட்டோட சேர்த்து, அவுட்புட், மோட் ரெண்டும் சொல்லி மாத்தணும். அவுட்புட்டோட பேர், வெறும் எக்ஸ்ரேண்டர்னு அடிச்சாத் தெரியும். இங்கே அது ஹெச்டிஎம்ஐ ஹைஃபன் 1.

இதை நான் சொல்ல, அக்கா டைப் பண்ண, முக்கால் மணி நேரம். "ஒரு கோடா, ரெண்டு கோடா தம்பி?" "ரெண்டுக்கா. அப்புறம் இடம் விடாம நியூமோட்." "இடம் விட்டுட்டேன்." "பரவால்லக்கா, மேல் அம்புக்குறியை அழுத்துங்க." கடையில நின்ன ஒருத்தர், ஏதோ மந்திரம் ஓதறாங்கன்னு சொன்னாராம்.

இங்கே ஒரு பொறி இருக்கு. சிவிடி 1366 768ன்னு கேட்டா, பதில்ல 1368ன்னு வரும். பிழை இல்ல. சிவிடி கணக்கு அகலத்தை 8ஆல வகுபடற எண்ணாத்தான் வெச்சுக்கும். 1366ஐ 8ஆல வகுத்தா 170.75. அதனால பக்கத்துல இருக்கிற 1368க்குத் தாவிடும். 1366ங்கற எண்ணே ஒரு விசித்திரப் பிறவிதான்: 768 உயரத்துக்கு 16க்கு 9 விகிதத்துல அகலம் வேணும்னா 1365.33 வரும், அதைத் தூக்கி 1366 ஆக்கினாங்க. நம்ம ஊர்ல லட்சக்கணக்கான லேப்டாப்லயும் 18.5 அங்குல மானிட்டர்லயும் இருக்கிறது இந்த எண்தான்.

அன்னைக்கு 1368ஐயே போட்டோம். "ஐயோ, பளிச்சுன்னு ஆயிடுச்சு தம்பி"ன்னாங்க. முழுசா பளிச்சுன்னு ஆகல. ரெண்டு பிக்சல் அதிகமானதால திரையில ஒரு பட்டை மட்டும் லேசா மங்கலா இருந்திருக்கு. அதை அவங்க சொல்லல, நானும் கேட்கல. சட்டையில காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

மறுநாள் காலையில போன். "தம்பி, ராத்திரி காத்து மழையில கரண்ட் போச்சு. இப்போ போட்டா பழையபடியே இருக்கு."

ஆமா. எக்ஸ்ரேண்டர்ல சேர்க்கிறது அந்த ஒரு உட்காரலுக்குத்தான். லாக்அவுட் ஆனாலோ ரீஸ்டார்ட் ஆனாலோ போயிடும். மலையில மழைக்காலத்துல ஒரு நாளைக்கு எத்தனை ரீஸ்டார்ட்டுன்னு எனக்குத் தோணவே இல்ல. என் அபார்ட்மென்ட்ல ஜெனரேட்டர் இருக்கே.

மேலே வந்து பார்த்தது

சனிக்கிழமை கிளம்பி வந்துட்டேன். வந்ததும் டெர்மினலைத் திறந்து, இந்தத் தடவை முதல்ல ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: ஈடிஐடி வந்திருக்கா, இல்லையா?

ஸ்லாஷ் சிஸ், ஸ்லாஷ் கிளாஸ், ஸ்லாஷ் டிஆர்எம். இந்த ஃபோல்டருக்குள்ள ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள ஈடிஐடின்னு ஒரு ஃபைல். இதுல ஏமாறாதீங்க: எல்எஸ் போட்டுப் பார்த்தா சைஸ் எப்பவும் பூஜ்ஜியம்னுதான் காட்டும். கேட் கட்டளையில ஃபைலைப் படிச்சு, அதை டபிள்யூசி ஹைஃபன் சிக்கு அனுப்பி எண்ணணும். 128 அல்லது 256 வந்தா மானிட்டர் பேசுது. எனக்கு வந்தது பூஜ்ஜியம்.

அப்போ மினி பிசிக்கும் மானிட்டருக்கும் நடுவுல எங்கேயோ பேச்சு அறுந்திருக்கு. நடுவுல இருக்கிறது ரெண்டே பொருள். கன்வெர்ட்டர், விஜிஏ கேபிள். எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, கேபிளைக் கழற்றி, போன் டார்ச் அடிச்சுப் பார்த்தேன்.

மூணாவது வரிசை, கடைசி ஓரம். 15ஆவது ஊசி படுத்துக் கிடக்கு.

யாரோ, எப்பவோ, கோணலா வெச்சு அழுத்தியிருக்காங்க. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தது, வளைஞ்ச ஒரே ஒரு ஊசியைப் பார்க்க. அக்காகிட்ட சொன்னேன், சிரிக்கவே இல்ல. கேபிளை வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "இது ஒண்ணுதானா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

படம் ஏன் வந்துச்சுன்னு இப்போ புரியும். 1, 2, 3 நல்லா இருக்கு, அதனால கலர் இருக்கு. 13, 14 நல்லா இருக்கு, அதனால படம் ஆடல. 15 மட்டும் இல்ல, அதனால 'நீ யாரு'ன்னு கேட்ட கேள்விக்குப் பதில் வரல. பழைய கம்ப்யூட்டர்லயும் இந்தக் கேபிள்தான். அது விண்டோஸ். என்னைக்கோ ஒரு நாள் செட் பண்ண ரெசல்யூஷனை அது ஞாபகம் வெச்சிருந்திருக்கும், இல்லைன்னா ஊசி அதுக்கப்புறம் மாத்தும்போது வளைஞ்சிருக்கும். எதுன்னு கண்டுபிடிக்க வழியில்ல. ஆனா ஊர்ல பேர் வாங்கினது லினக்ஸ்.

கடையிலயே மைக்ரோடிப் பென்சில் விக்கிறாங்க. லெட்டை எடுத்துட்டு, அதோட மெல்லிசான உலோக முனைக்குள்ள ஊசியைச் செருகி, மெதுவா, ரொம்ப மெதுவா நிமிர்த்தணும். ரெண்டு மூணு தடவை முன்னும் பின்னும் வளைச்சா உடைஞ்சுடும், ஒரே தடவைதான். நிமிர்த்திட்டுக் கேபிளை மாட்டினேன், ஆன் பண்ணேன்.

லாகின் திரை வரும்போதே தெரிஞ்சுடுச்சு. எக்ஸ்ரேண்டர் அடிச்சேன். பட்டியல் நீளமா வந்துச்சு, மேல 1366க்கு 768, பக்கத்துல ஒரு நட்சத்திரக் குறி, ஒரு கூட்டல் குறி. நட்சத்திரம்னா இப்போ ஓடறது, கூட்டல்னா மானிட்டரே விரும்பிக் கேட்கிறது. ஃபைலை எண்ணினா 128. ஒரு கட்டளையும் தேவைப்படல.

அக்கா புதுக் கண்ணாடியைக் கழற்றிட்டுப் பார்த்தாங்க. மாட்டிக்கிட்டும் பார்த்தாங்க. "கண்ணாடியும் வேணும்தான் போல"ன்னாங்க. அதுல எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

உங்களுக்கு வந்தா என்ன வரிசையில பார்க்கணும்

ஒண்ணு. கை வைக்கிறதுக்கு முன்னாடி கண்ணு. கேபிளோட ரெண்டு முனையும், கன்வெர்ட்டரும். வேற கேபிள் இருந்தா மாத்திப் பாருங்க. விஜிஏ கேபிள்ல 9ஆவது ஊசி இல்லாம இருக்கலாம், நிறைய கேபிள்ல அப்படித்தான் வரும். ஆனா 12, 15 கட்டாயம் இருக்கணும்.

ரெண்டு. ஈடிஐடி ஃபைலை எண்ணுங்க. பூஜ்ஜியம்னா பிரச்சினை வெளியே: கேபிள், கன்வெர்ட்டர், ஸ்விட்ச் பாக்ஸ், இல்லை மானிட்டரோட சிப். எண் வருது, ஆனா ரெசல்யூஷன் இல்லைன்னா, ஈடிஐடி டிகோடுங்கற கருவியில போட்டு மானிட்டர் என்ன சொல்லுதுன்னு படிங்க.

மூணு. நோமோட்செட். இன்ஸ்டால் பண்ணும்போது திரை வரலைன்னு சேஃப் கிராபிக்ஸ்ல போட்டிருப்பீங்க. அந்த வார்த்தை பூட் வரியிலயே தங்கிடும். ஸ்லாஷ் பிராக், ஸ்லாஷ் சிஎம்டிலைன் ஃபைல்ல பாருங்க. இருந்தா கிராபிக்ஸ் டிரைவரே முழுசா வேலை செய்யல. அதை எடுத்துட்டு, டிரைவர் சரியா ஏறுதான்னு பார்க்கணும். இங்கே எக்ஸ்ரேண்டர்ல எவ்வளவு முட்டினாலும் நடக்காது.

நாலு. இதெல்லாம் சரி, ஆனா மானிட்டரோட சிப்பே போச்சு, ஊசி உடைஞ்சே போச்சு, வேற வழியில்லைன்னா, அப்போ எக்ஸ்ரேண்டர் மருந்து. 1366க்குச் சிவிடியை நம்பாதீங்க. வெசாவோட மானிட்டர் பட்டியல்ல அதுக்குன்னே ஒரு வரி இருக்கு. எழுதிக்கோங்க: 85.50, அப்புறம் 1366 1436 1579 1792, அப்புறம் 768 771 774 798, கடைசியில பிளஸ் ஹெச்சிங்க், பிளஸ் விசிங்க். 1920க்கு 1080ன்னா சிவிடி கொடுக்கிற வரியே போதும். கன்வெர்ட்டர் திணறினா சிவிடி ஹைஃபன் ஆர் போட்டுப் பாருங்க: 173 மெகாஹெர்ட்ஸ் கேட்கிற வேலை 138.5ல முடிஞ்சுடும். இது எல்சிடிக்கு மட்டும். எண் தப்பானா எல்சிடி 'அவுட் ஆஃப் ரேஞ்ச்'னு எழுதிட்டு உட்கார்ந்துக்கும், கெட்டுப் போகாது. பழைய குண்டு டியூப் மானிட்டர்ல அந்த விளையாட்டு வேண்டாம்.

அஞ்சு. கரண்ட் போனாலும் நிக்கணும்னா, அந்த மூணு வரியையும் ஹோம் ஃபோல்டர்ல டாட் எக்ஸ்புரொஃபைல்ங்கற ஃபைல்ல போட்டு வைங்க. ஒவ்வொரு லாகின்லயும் தானா ஓடும்.

ஆறு. வேலண்ட்ல இருந்தீங்கன்னா எக்ஸ்ரேண்டர்ல புது மோட் சேர்க்க முடியாது. புது உபுண்டு எல்லாம் வேலண்ட்தான். அங்கே கெர்னல்கிட்ட சொல்லணும்: கிரப் ஃபைல்ல, வீடியோ ஈக்வல்ஸ், அவுட்புட் பேர், கோலன், 1920 எக்ஸ் 1080 அட் 60. எழுதிட்டு அப்டேட் கிரப் ஓட்டணும். கவனம்: எக்ஸ்ரேண்டர்ல ஹெச்டிஎம்ஐ 1ன்னு இருக்கிறது கெர்னல்ல ஹெச்டிஎம்ஐ ஏ 1ன்னு இருக்கும். பேர் தப்பினா ஒண்ணும் நடக்காது, தப்புன்னும் சொல்லாது.

கடைசியா

நான் பன்னிரண்டாவது படிக்கும்போது அரசு கொடுத்த இலவச லேப்டாப்லதான் லினக்ஸை முதல்ல பார்த்தேன். சென்னை சிடாக்ல உருவான பாஸ் லினக்ஸ், 2007ல முதல் பதிப்பு வந்தது. அதை எனக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்ல. வீட்டுக்கு வர்ற அண்ணன்கள்கிட்ட கேட்பேன். "அதை அழிச்சுட்டு வேற போட்டுக்கோ"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அந்த இருபது செகண்ட் பதிலைக் கேட்டுக் கேட்டு எரிச்சல் வந்துதான் நான் இந்த பாட்காஸ்டே ஆரம்பிச்சேன். அதே பதிலை நான் அக்காவுக்குச் சொல்லியிருக்கேன். அந்த இருபது செகண்டுக்குப் பதிலா, "அக்கா, அந்தக் கேபிளைக் கழற்றி ஊசியைப் போட்டோ எடுத்து அனுப்புங்க"ன்னு சொல்லியிருந்தா, அதுக்கும் இருபது செகண்ட்தான் ஆகியிருக்கும்.

அந்தப் பையனைப் பத்திக் கேட்பீங்க. திருத்தின சான்றிதழ் கடைசித் தேதிக்கு முன்னாடியே வந்துடுச்சு. இன்னைக்கு மத்தியானம் அதை ஸ்கேன் பண்ண இங்கே வந்தான். அக்கா அவனை எதிர் ஸ்டூல்ல உட்கார வெச்சு, திரையை அவன் பக்கம் திருப்பி, "உங்கப்பா பேரை எழுத்து எழுத்தா வாசி"ன்னாங்க. வாசிச்சான். அந்த எழுத்து வந்ததும் விரலை வெச்சு, "ரெண்டு சுழி"ன்னான். அக்கா சப்மிட்டை அழுத்தினாங்க.

கடையில இப்போ ஒரு மாற்று விஜிஏ கேபிள் வாங்கி ஆணியில மாட்டி வெச்சாச்சு. நிமிர்த்தின ஊசியை எத்தனை நாள் நம்ப முடியும்? உங்க வீட்டுல, ஆபீஸ்ல இந்த மாதிரி 1024ல மாட்டிக்கிட்ட மானிட்டர் இருந்தா, ஈடிஐடி ஃபைல்ல எத்தனை பைட் வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க. பதில் போடறேன், இந்தத் தடவை பார்த்துட்டுப் போடறேன்.

மழை விட்டுடுச்சு. கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.